பின்னால் ஆளில்லாத வண்டி

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். மருத்துவமனையில் அவளுக்குத் ‘தொட்டில்’ என்று பெயர். வலியில் கத்திக்கொண்டே ஏறுகிறவர்கூட அவள் வண்டியில் பாதி வழியில் கண்ணயர்ந்துவிடுவார் என்பார்கள். எந்த வேகத்தடை உயரம், எந்தப் பாலத்தின் மூட்டு தூக்கிப் போடும் என்பதெல்லாம் அவள் வலது காலுக்குத் தெரியும். பின்னால் படுத்திருப்பவருக்கு ஒரு குலுக்கல் போய்ச் சேருமுன் அந்தக் கால் தானாகவே மேலே வந்துவிடும்.

அந்தக் காலைத்தான் இப்போது பழக்கி எடுக்க வேண்டியிருந்தது.

அவள் தம்பி லாரி மெக்கானிக். வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஒரு பழைய பிக்கப் டிரக்கைப் பல வருடங்களாகப் பிரித்துப் பிரித்துச் சேர்த்து, டர்போ வைத்து, பந்தயத்துக்குத் தயார் செய்திருந்தான். கறுப்பு வண்டி, ‘எருமை’ என்று அழைப்பான். அந்தப் பந்தயத்தில் வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது. விளக்கு பச்சையானதும் கால் மைல் நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

போன கோடையில் கொட்டகைத் தரையில் வலிப்பு வந்து விழுந்தான். அக்காவின் ஆம்புலன்ஸில்தான் போனான். இனி எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவற்றைப் பற்றியும் பேசுவதை மெல்ல நிறுத்திக்கொண்டான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, டர்போவை ஒருத்தன் கேட்கிறான், எருமையைப் பிரித்துவிடப் போகிறேன் என்றான்.

“நான் ஓட்டறேன்” என்றாள் அக்கா.

“நீயா? எருமை முதுகுல தொட்டில் கட்டணுமா?”

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. அதற்காகவே அவள் விடவில்லை. பேசி முடித்தார்கள்: பந்தயப் பருவத்தின் கடைசி சோதனை நாளில் அவள் பந்தயம் ஓட்டுவதற்கான உரிமம் வாங்கிவிட்டால் வண்டி முழுசாக இருக்கும். வாங்காவிட்டால் மறுநாள் டர்போக்காரன் வருவான்.

பாடம் சமையலறையில் தொடங்கியது. நாற்காலிக்கு முன்னால் இரண்டு செருப்புகள். இடது கால் பிரேக், வலது கால் ஆக்ஸிலேட்டர். தம்பியின் மனைவி சுவரோரம் நின்று விளக்குப் பொத்தானைத் தட்டுவாள்.

“என்ஜின் விடற மூச்சுலதான் டர்போ சுத்தும்” என்றான் தம்பி. “அது சுத்தினாத்தான் என்ஜினுக்குள்ள இன்னும் காத்த ஊதும். நிக்கிற வண்டிக்கு ஏது மூச்சு? அதனால பிரேக்கை விடாம கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். விசில் ஏறும். நல்லா ஏறினப்புறம்தான் விடணும்.”

“எத்தனை விசிலுக்கு இறக்கணும்?” என்றாள் அவன் மனைவி.

“நீ விளக்கைப் போடு.”

விளக்கு எரியும். இடது செருப்பிலிருந்து கால் எகிறும். சமையலறை அப்படியே நிற்கும்.

லாரிகள் நிறுத்தும் காலி மைதானத்தில், சாதாரண டயரில், புறப்பட மட்டும் பழகினாள். வேலை முடிந்து வந்து படுத்தால் மின்விசிறியின் ஓசை மெல்ல விசிலாகும். கட்டில் சத்தமில்லாமல் நகரும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாலை இருக்கும். அது முன்னால் போகப் போக உண்டாகிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் மருத்துவமனைத் தாழ்வாரத்தின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். எங்கே போகிறோம் என்று கனவில் அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

சோதனை நாளுக்கு முந்திய மாலை தம்பி பந்தய டயர்களைப் பின்சக்கரங்களில் மாட்டினான். வரியே இல்லாத, வழவழவென்ற அகலமான ரப்பர்.

“மொட்டை டயர்டா இது. இதோட ஆம்புலன்ஸை எடுத்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“இது புது டயர். பிறக்கும்போதே மொட்டை” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

மறுநாள் காலை பந்தயப் பாதையில் மூடுபனி. மறுமுனை கண்ணுக்குத் தெரியவில்லை. சாலை பாலில் கரைந்ததுபோல் ஓரிடத்தில் முடிந்திருந்தது. தொடக்கக் கோட்டருகே தடித்த கண்ணாடி போட்ட நடுவர் நின்றிருந்தார்.

“மூணு தடவை விடுவேன்மா. ஒண்ணாவது சரியா இருக்கணும். பச்சை விழறதுக்கு முன்னால கோட்டைத் தாண்டக் கூடாது. கடைசிவரைக்கும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா நான் பார்க்க வேண்டியதில்ல, கேட்டாலே தெரியும்.”

தண்ணீர் தெளித்த இடத்தில் நின்று பின்சக்கரங்களைச் சுழலவிட்டாள். டயர் சூடேறி எழுந்த வெள்ளைப் புகை பனியோடு கலந்தது. கோட்டுக்கு வந்தாள். பிரேக், முடுக்கம், விசில். பச்சை.

எருமை முன்னால் போகவில்லை, பக்கவாட்டில் போனது. சக்கரம் வெறுமனே சுற்ற, பின்பாகம் சோப்புக்கட்டிபோல் வழுக்கிப் பாதையோரச் சுவரைப் பார்த்தது. காலை எடுத்தாள்.

தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதும் தம்பி குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். மறுபடி அழுத்தினான்.

“காத்து அடிச்சியா?”

“விடிகாலையில பார்த்தேன். ரெண்டும் சப்பையா இருந்துச்சு. அடிச்சேன்.”

“யாரு அடிக்கச் சொன்னது?”

“டயர்ல காத்து இல்லேன்னா அடிக்கறதுக்கு ஒருத்தர் சொல்லணுமாடா?”

வேலைக்குப் போகிற எல்லாக் காலையிலும் அவள் முதலில் செய்வது அதுதான். முகம் கழுவியதை யாராவது வந்து சொல்வார்களா? அவளும் சொல்லவில்லை.

தம்பி தரையில் உட்கார்ந்தான். தலை கவிழ்ந்தது. தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அவன் மனைவி ஓடிவந்தாள். அக்காவின் கை, இல்லாத வயர்லெஸ்ஸைத் தேடிப் போய் நின்றது. பிறகுதான் தெரிந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அது சப்பையாத்தான் இருக்கணும்” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தரையோட ஒட்டிப் படுத்தாத்தான் பிடிக்கும். நீ கல்லு மாதிரி ஆக்கி வெச்சிருக்கே.”

காற்றை இறக்கினான். அது நீளமாகப் பெருமூச்சு விட்டது.

இரண்டாம் முறை டயர் தரையைக் கவ்வியது. முதுகு இருக்கையில் புதைந்தது. அப்படி ஒரு தள்ளலை அவள் கனவில்கூட உணர்ந்ததில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு நடுக்கம் வண்டி முழுவதும் ஓடியது. கால் மேலே வந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை, அது வந்தது.

“காலை எடுத்துட்டீங்கம்மா” என்றார் நடுவர்.

தம்பி ஜன்னலோரம் வந்து நின்றான். “ஏன் எடுத்தே?”

“குலுங்குச்சுடா.”

“குலுங்கும். குலுங்கிட்டு அடங்கிடும்.”

“பின்னாடி வலிக்கும்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. தம்பி டிரக்கின் பின்பக்கத்தைப் பார்த்தான். ஒரு கயிறும் முட்டுக்கட்டையும் கிடந்தன.

“அன்னிக்கு எனக்கு நினைவில்லைன்னுதானே நினைச்சே? பாதி வழியில வந்துடுச்சு. கண்ணைத்தான் திறக்க முடியல. ‘இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்’னு வழியெல்லாம் சொல்லிட்டே ஓட்டினே.”

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்து சேர்ந்தாச்சுக்கா. நான் இறங்கிட்டேன். பின்னாடி யாரும் இல்ல.”

மூன்றாம் முறை. விசில் ஏறியது. விளக்கு பச்சையானதும் சமையலறையின் சுவர்கள் விலகி வழிவிட்டதுபோலிருந்தது. நடுக்கம் வந்தது, தட்டிப் பார்த்தது, யாரும் இல்லை என்று போய்விட்டது. அதன் பிறகு சத்தமெல்லாம் பின்தங்கிவிட்டது. பனி கலைந்து வழியாகிக்கொண்டே வந்தது. அவள் கால் கீழேயே கிடந்தது, வேறு யாருடைய காலோ போல. எங்கோ ஒரு வெள்ளைக் கோடு அடியில் நழுவியது. எங்கே போகிறோம் என்று முதல் முறையாகத் தோன்றியபோது அங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

ஓடி முடித்த வண்டிகள் திரும்பும் சாலையில் எதிரே நடந்தே வந்தான் தம்பி. நடுவர் தலையசைத்ததை அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே இருந்தது. சூடான டயரின் மேல் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருந்தான்.

“நாளைக்கு வர்றவனை வேற இடம் பார்க்கச் சொல்லணும்” என்றான்.

பிறகு கதவைத் திறந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

“இப்ப ஆள் இருக்கேன். மெதுவாப் போ.”

அவள் போனாள். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை.