மதாம் கொடுத்த நீலப் பூச்செடி

“தூங்கற செடியத் தூக்கி நெருப்புல போட்டியேடி. எப்படி மனசு வந்துச்சு உனக்கு?”

“மொட்டைக் குச்சிக்கா அது. போகிக்குப் பழசைத்தானே கொளுத்தறோம்? உனக்கு ஒரு வேலை மிச்சம்னு நெனச்சேன்.”

செல்வாம்பாளுக்கும் பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கும் நடந்த இந்தச் சண்டை பெரிய வாய்க்கால் வரைக்கும் கேட்டது. கேட்காதவர்கள் நேரில் வந்து விசாரித்துக்கொண்டார்கள்.

செல்வாம்பாள் சமைத்துப் போட்ட பிரெஞ்சு மதாம், ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறும்போது ஒரு தொட்டிச் செடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒர்த்தான்சியா என்று பேர். பந்து பந்தாக நீலமாய்ப் பூக்குமாம். பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்குமாம். மற்ற வேலைக்காரர்களுக்குப் பழைய குடையும் விரிசல் விட்ட பீங்கானும்தான். தனக்கு மட்டும் உயிருள்ளதைக் கொடுத்தாள் என்று செல்வாம்பாளுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நீலப் பூவைக் காட்டுகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள். இப்போது காட்ட என்ன இருக்கிறது, சாம்பல்தான்.

ஆனால் அன்னக்கிளி எல்லாவற்றையும் கொளுத்தவில்லை. தடித்த குச்சியாக நாலைப் பொறுக்கித் தன் அவரைக்கொடிக்கு ஊன்றியிருந்தாள். அவரை காய்ந்தது. குச்சி துளிர்த்தது.

செல்வாம்பாள் தன் மகள் ஜெயத்தை உளவுக்கு அனுப்பினாள். இலை எதிரெதிரே ஜோடியாக நிற்கிறதா, ஓரத்தில் ரம்பப் பல் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னாள். அன்னக்கிளியின் மகன் தணிகாசலம் மில் வேலை முடிந்து வந்து தண்ணீர் ஊற்றுவதும் அதே நேரத்தில்தான். ஒரு இலையைப் பார்த்து முடிக்க ஜெயத்துக்கு மாதக்கணக்கானது. தெருவுக்கே விஷயம் தெரியும். செல்வாம்பாள் மட்டும் இலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறு வருஷம் பூத்தது. பந்து பந்தாகத்தான், ஆனால் ரோஸ் நிறம். இடிந்த சுவரின் சுண்ணாம்புக் காரையை அன்னக்கிளி கொட்டி வைத்த இடம் அது. சுண்ணாம்பு மண்ணில் நீலம் ரோஸாகிவிடும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? தெரு கூடி நின்று செல்வாம்பாள் முகத்தைப் பார்த்தது. தன் செடி என்றால் நீலம் பொய்யாகிவிடும். நீலம் நிஜமென்றால் செடி கையைவிட்டுப் போகும்.

“இது வேற சாதி. எங்க மதாம் கொடுத்தது நீலம்” என்றாள்.

“சரிக்கா. அப்ப இது என்னுது” என்ற அன்னக்கிளி, கையோடு பெண்ணையும் கேட்டுவிட்டாள். செல்வாம்பாள் யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள் ஜெயம் தலையாட்டியாயிற்று.

ஆவணியில் கல்யாணம். தணிகாசலம் மில்லை விட்டுவிட்டு சுண்ணாம்பே கலக்காத செம்மண் மேடான லாஸ்பேட்டையில் ஒரு வேலை பிடித்து, அங்கேயே குடிபோனான். வண்டியில் பாய், அண்டா, அப்புறம் வேரோடு பெயர்த்த அந்தச் செடி. மருமகளுக்குத் தன் சீதனம் என்றாள் அன்னக்கிளி. செல்வாம்பாள் தன் கையாலேயே வேருக்கு ஈரச் சாக்கு சுற்றிக் கட்டிக்கொடுத்தாள்.