காலண்டர் அட்டை போட்ட கதை

ஸ்ரீதேவிக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் யாரும் அவள் கதை படித்துக் கேட்டதில்லை. பத்தொன்பது நாளாக, மத்தியானம் இரண்டு மணி ஆனால், மாமியாரின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, புத்தகத்தில் ஒன்று இருக்க வாயால் வேறொன்று படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க உள்ளங்கை வேர்த்துப் புத்தகத்தின் ஓரம் நமுத்துப் போயிருந்தது.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அந்தக் கோடையில் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் மூன்றரைக்குத்தான் வரும். கரண்ட் போனால் வீட்டுக்குப் பின்னால் புருஷன் செங்கல்வராயன் ஓட்டும் ஆறு பவர்லூமும் நிற்கும், டிவியும் நிற்கும். மற்ற நேரத்தில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கூடக் கேட்காது. ஆகக் காது கேட்கிற நேரம் அந்த ஒன்றரை மணிதான். பாத்ரூம் படியில் வழுக்கி விழுந்து, திருப்பதியில் ஆபரேஷன் செய்து, காலில் தகடு வைத்துக்கொண்டு வந்திருந்த மாமியார் ரத்னம்மா அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருப்பாள்.

புத்தகம் கொடுத்தவள் மோனிகா. ரத்னம்மாவின் இளைய மகன் சாய்குமார் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன இடத்தில் பார்த்துக் கட்டிக்கொண்டவள். கும்மிடிப்பூண்டிப் பக்கம், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகியும் அவள் கால் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்று ரத்னம்மா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்த விஷயத்தில் அரசாங்கம் கூட அவ்வளவு உறுதியாக இருக்காது.

ஆஸ்பத்திரிக்கு மோனிகா வந்தாள். உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்று, ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் இருந்த பையை ஸ்ரீதேவியிடம் கொடுத்தாள்.

"உள்ள ஒரு கதை புக்கு வச்சிருக்கேன்கா. அத்தைக்குப் படுத்துக்கினே இருந்தா போர் அடிக்கும். படிச்சிக் காட்டுங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் ஸ்ரீதேவி ஒருத்திதான். அவள் பள்ளிப்பட்டுப் பெண், பத்தாவது வரை தமிழில் படித்தவள். பேசுவதெல்லாம் தமிழ் என்றாலும் செங்கல்வராயன் படித்தது தெலுங்கு மீடியம், மகள் கீர்த்தி படிப்பது இங்கிலீஷ். ரத்னம்மா எந்த மீடியமும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் ஸ்ரீதேவிக்குத் திக்கென்றது. அட்டையில் சர்ச் கோபுரம். முதல் தாளில் ஒரு சர்ச்சின் முத்திரை, அதற்குக் கீழே பேனாவில் ஏதோ எழுத்து. முழுதாகப் படிக்கக் கூட இல்லை, யாராவது வந்துவிடுவார்களோ என்று வடித்த கஞ்சியைத் தடவி அந்தத் தாளை அட்டையின் உள்பக்கத்தோடு ஒட்டினாள். பிறகு போன வருஷக் காலண்டரில் பெருமாள் படம் இருந்த தாளைக் கிழித்து, படம் வெளியே தெரிகிற மாதிரி மேலட்டை போட்டாள். ரத்னம்மா தினமும் படிக்க ஆரம்பிக்கும் முன் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஸ்ரீதேவி ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

கதையின் நாயகி ஜெசிந்தா. முதல் நாள் 'ஜெ' என்று ஆரம்பித்துவிட்ட நாக்கு, அதற்கு மேல் போகப் பயந்து 'ஜெகதா' என்று முடித்தது. அதுவே நிலைத்துவிட்டது. மாமியார் மரியம்மாளை மாரியம்மா ஆக்குவதில் சிரமமே இல்லை. போதகர் பூசாரி ஆனார். ஜெபம் பூஜை ஆனது. கோயில் மணிக்கும் சர்ச் மணிக்கும் சத்தம் ஒன்றுதான், அதை அப்படியே விட்டுவிட்டாள். கிறிஸ்துமஸ் வந்தபோது மட்டும் மாட்டிக்கொண்டாள். அவசரத்துக்கு ஆடிக் கிருத்திகை என்று படித்துவிட்டு, அடுத்த வரியில் 'பனி கொட்டியது' என்றும் படித்துத் தொலைத்தாள்.

"ஆடியில ஏதுடி பனி?" என்றாள் ரத்னம்மா.

"அது... மலை மேல அத்தை. ஊட்டிப் பக்கம்."

"ஊட்டியில முருகன் கோயில் கீதா?"

"கீது அத்தை."

இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

கதை இதுதான். நகையைத் திருடினாள் என்று பொய்ப்பழி போட்டு, பெற்றவர் இல்லாத மருமகளை மரியம்மாள் வீட்டை விட்டுத் துரத்துகிறாள். முதலில் ரத்னம்மா மாமியார் கட்சி. "அந்தம்மா சொல்றதும் நாயம்தானே, வந்தவள எப்டி நம்பறது" என்பாள். நகை மரியம்மாளின் சொந்த மகளிடமே இருந்தது என்று ஒரு நாள் தெரிந்தது. மறுநாள் சாப்பிடும்போது ரத்னம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு எங்க போயி துன்னுதோ, இன்னா பண்ணுதோ" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று செங்கல்வராயனுக்குப் புரியவில்லை. ஸ்ரீதேவிக்குப் புரிந்தது, நெஞ்சு இளகியது, கூடவே பயமும் வந்தது. கதையின் பேரில் இளகியவள், கதையே மோசடி என்று தெரிந்தால் என்ன ஆவாள்?

பதினேழாம் நாள் காலையில் ரத்னம்மா பெரிய மகனைக் கூப்பிட்டாள்.

"செங்கலு, சாயிக்குப் போன் போடு. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வரச் சொல்லு."

"சரி மா."

"அவளயும் தான்."

செங்கல்வராயன் தறியை நிறுத்திவிட்டு வந்து மறுபடி கேட்டான், காதில் விழுந்தது சரிதானா என்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே போன் போட்டான். தம்பி இல்லாமல் இரண்டு தீபாவளியைக் கழித்தவன் அவன்.

எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த வேளையில் ஸ்ரீதேவிக்கு மட்டும் கை கால் ஓடவில்லை. மோனிகா வெள்ளை மனசுக்காரி. வந்து உட்கார்ந்ததும், "அந்தக் கதை புடிச்சிருந்துதா அத்தை?" என்று கேட்டுவிட்டால் போதும். ரத்னம்மா என்ன நினைப்பாள்? இரண்டு மருமகள்களும் சேர்ந்து, கால் உடைந்து கிடந்தவளை ஏமாற்றி, பெருமாள் படம் ஒட்டிய புத்தகத்தைக் கண்ணில் ஒற்றவைத்து, வேறு சாமியைக் காதில் ஊதினார்கள் என்றுதான் நினைப்பாள். இரண்டு வருஷம் கழித்துத் திறந்த கதவு அன்றே மூடும். அப்புறம் சாய்குமாருக்கு அம்மா இல்லை, அம்மாவுக்கு அவன் இல்லை. அதற்குக் காரணம் ஸ்ரீதேவியின் நாக்கு.

மோனிகாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று போன் அடித்தாள். மோனிகா வேலை செய்யும் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் அடித்தால் எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். தறிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சனிக்கிழமை முழுக்கச் சமையலறையில் நின்று நின்று மெசேஜுக்குக் கீழே இருந்த ஒற்றை டிக்கைப் பார்த்தாள். அது இரண்டாகவே இல்லை. அன்று குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தறியை நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை மணிக்குச் சாய்குமாரும் மோனிகாவும் வண்டியில் வந்து இறங்கினார்கள். மோனிகா வாசல்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"உள்ள வாம்மா, வெயில்ல இன்னாத்துக்கு நின்னுக்கினு" என்றாள் ரத்னம்மா கட்டிலிலிருந்து.

அந்த ஒரு வார்த்தையில் சாய்குமார் குழந்தை மாதிரி அழுதுவிட்டான். சாப்பாடு முடிந்தது. இலையை எடுக்கும் சாக்கில் மோனிகாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட ஸ்ரீதேவி கண்ணால் ஜாடை காட்டினாள். மோனிகா எழுந்தாள். "நீ உக்காரு, அவ எடுப்பா" என்று ரத்னம்மா அவள் கையைப் பிடித்துக் கட்டிலிலேயே உட்கார வைத்தாள். இரண்டு மணிக்கு மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

"ஸ்ரீதேவி, புக்க எட்த்தா."

"இன்னிக்கு வேணாம் அத்தை, அவங்க வந்துக்கிறாங்க, பேசிக்கினு இருக்கலாம்."

"ஜெகதாவ கெணத்தாண்ட நிக்க வச்சிட்டு இன்னா பேச்சு? எட்த்தா. இன்னிக்கு இவ படிக்கட்டும். உன் தொண்டையும் கட்டிக்கிச்சி."

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்திருந்த புத்தகத்தை ஸ்ரீதேவி எடுத்து வந்தாள். ரத்னம்மா வழக்கம் போல வாங்கிக் கண்ணில் ஒற்றி மோனிகாவிடம் நீட்டினாள்.

மோனிகா பெருமாள் படத்தைப் பார்த்தாள். அட்டையைத் திறந்தாள். ஒட்டியிருந்த இடத்தின் மேல் அவள் விரல் ஒரு தடவை போய் வந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. ஸ்ரீதேவிக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

"எங்க விட்டீங்க அத்தை?"

"ஜெகதா கொழந்தைய இடுப்புல வச்சிக்கினு கெணத்தாண்ட நிக்கிறா. பூசாரி தூரத்துல வர்றாரு."

மோனிகா தலையைத் தூக்கி ஸ்ரீதேவியைப் பார்த்தாள். கேள்வியும் பதிலும் அந்தப் பார்வையிலேயே முடிந்துவிட்டன. பிறகு குனிந்து படிக்க ஆரம்பித்தாள்.

"ஜெகதாவுக்குக் கால் நடுங்கியது. பூசாரியின் குரல் கேட்டும் அவள் திரும்பவில்லை..."

ஸ்ரீதேவியை விடச் சரளமாகப் படித்தாள். ஓர் இடத்தில் கூடத் தட்டவில்லை. மரியம்மாள் வந்த இடத்தில் மாரியம்மா தானாக வந்தாள். ரத்னம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தப்பித்தோம் என்று ஸ்ரீதேவி சுவரில் சாய்ந்தாள். அந்த நிம்மதி அரைப் பக்கம் தாங்கியது.

"ஜெகதா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கதறினாள்..."

அதோடு மோனிகா படிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்ரீதேவிக்குத் தெரியும், முந்தின நாளே படித்துப் பார்த்திருந்தாள். 'கர்த்தரே' என்று இருந்தது. முருகா என்று மாற்றிப் படிக்க நினைத்திருந்தாள். அவளுக்கு அது ஒரு வார்த்தை. காலையில் சர்ச்சில் மண்டியிட்டு அந்தப் பேரைச் சொல்லிவிட்டு வந்தவளுக்கு அப்படி இல்லை. மோனிகாவின் விரல் வரியின் மேல் நின்றது.

"இன்னாம்மா, எழுத்து தெரியலியா?" என்றாள் ரத்னம்மா.

"தெரியுது அத்தை." மோனிகா மறுபடி வரிக்குக் குனிந்தாள். "மு..."

"அத்தை," என்றாள் ஸ்ரீதேவி. குரல் அவளை மீறி வந்தது. "அங்க முருகா இல்ல. அவ பேரு ஜெகதாவும் இல்ல. ஜெசிந்தா. அது அவங்க சர்ச்சுக் கதை. மோனிகா ஆஸ்பத்திரியில உங்களுக்காகக் குடுத்தது. மாத்தினதெல்லாம் நான்தான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

சாய்குமார் எழுந்து நின்றுவிட்டான், கிளம்ப வேண்டியிருக்கும் என்று தெரிந்தவன் மாதிரி. செங்கல்வராயன் பெண்டாட்டியை முறைத்தான்.

ரத்னம்மா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். அவளுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

"எத்தினி நாளு?"

"பத்தொம்பது."

"எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே."

ஸ்ரீதேவி இதற்குத் தயாராக இருக்கவில்லை. சாமியைப் பற்றி, மதத்தைப் பற்றி என்ன கேட்டாலும் காலில் விழுந்து அழ மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆடியில பனின்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றாள் ரத்னம்மா. பிறகு ஸ்ரீதேவி பக்கம் பார்க்காமல் மோனிகாவிடம் புத்தகத்தை நீட்டினாள். "மொதல்ல இருந்து படி. இன்னா எழுதிக்கீதோ அத படி."

"முழுசுமா அத்தை? இன்னிக்கு ஒரு நாள்ல முடியாதே."

"லீவு போடு."

மோனிகா முதல் பக்கத்தைத் திறந்தாள். திறந்தவள் தயங்கினாள். "மொதத் தாளு ஒட்டிக்கினு இருக்குது அத்தை."

"எதால?"

"கஞ்சி," என்றாள் ஸ்ரீதேவி மெல்ல.

"கஞ்சிதானே, தண்ணி எட்த்தா."

ஸ்ரீதேவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரத்னம்மா புத்தகத்தை மடியில் வைத்து, விரலை நனைத்து நனைத்துத் தாளின் ஓரத்தில் தடவினாள். சிக்குப் பிடித்த நூலைப் பிரிக்கிற அதே பொறுமையோடு, அறையில் யாரும் இல்லாத மாதிரி, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே போனாள். ஒரு மூலை கிழிந்தது. மிச்சம் முழுசாக வந்தது. பால்பாயிண்ட் எழுத்து கரையவில்லை. அதை மோனிகா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது இன்னா எழுதிக்கீது?"

"மோனிகா, ஏழாம் வகுப்பு, ஞாயிறு பள்ளி, முதல் பரிசு."

"இது கதையா?"

"இல்ல அத்தை. இது நானு."

ரத்னம்மா ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள்.

"அப்ப அதுல இருந்து ஆரம்பி."