வெல்டர் இளைத்த கதை

மருத்துவ அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் நான்கு வரிசையாகப் போடப்பட்டிருந்தன. மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முதல் மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் தாய் உட்காருவதைப்போல. பக்கத்தில் கணவர். சரக்குப் பெட்டகங்களைத் தூக்கி அடுக்கும் யார்டில் பதினெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். எண்பத்தாறு படி ஏறி, கண்ணாடிக் கேபினில் அமர்ந்து, இருபது டன் பெட்டியைப் பூப்போல இறக்கி வைக்கிற கை அவருடையது. அந்தக் கை இப்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் இதே டாக்டரம்மா எச்சரித்திருந்தார். சுகர் ஏறிக்கொண்டே போகிறது. அத்தனை உயரத்தில் தலை சுற்றினால் கீழே நிற்பவன் தலையில் பெட்டி விழும். தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும், இல்லையென்றால் கேபினில் ஏறலாம் என்ற சான்றிதழில் கையெழுத்து இல்லை. அன்றிலிருந்து அவள் விடியற்காலை நாலரைக்கு எழுந்தாள். பீன்ஸ், கேரட், கோஸ், பூசணி, கத்தரி என்று நாளுக்கு ஒன்று. எண்ணெய் அரை ஸ்பூன். இரண்டடுக்கு டப்பாவில் கீழடுக்கு முழுக்கக் காய். "அவருக்குக் காய் இறங்காது" என்பது அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடச் சட்டம். அந்தச் சட்டத்தையே அவள் உடைத்துவிட்டாள். டப்பா தினமும் காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"குறையலையே. போன தடவையைவிடப் பன்னிரண்டு கூடியிருக்கு. காய்கறி கொடுக்கிறீங்களா இல்லையாம்மா?"

"தினமும் கொடுக்கிறேன் டாக்டர். ஒரு நாள் விடாம."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. சட்டை தைக்கிற ஆலையில் அவள் செக்கர். நாளைக்கு நானூறு சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் தூக்கித் தனியே போடுகிறவள். அவள் சரியென்று சொன்ன சட்டையை மேலாளர்கூட மறுபடி பிரித்துப் பார்த்ததில்லை. அவள் வாய்ச்சொல்லை இப்படி ஒருவர் எடைபோட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"நாலு வாரம் தர்றேன்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குள்ள இறங்கலைன்னா மேல ஏற வேண்டாம். கீழ ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி எழுதிடுவேன்."

கீழே என்றால் கேட் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை. அது தெரிந்த கணவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

வெளியே வந்தார்கள். வராந்தாவில் வெல்டர் நின்றிருந்தார். கணவரின் பத்து வருடக் கூட்டாளி. தொந்திக்குப் பேர்போன மனிதர். அந்தத் தொந்தி இருந்த இடத்தில் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"தங்கச்சி! உன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்மா! ஏழு கிலோ இறங்கியிருக்கேன். சுகர் நார்மல்னு எழுதிட்டாங்க. எல்லாம் உன் டப்பா புண்ணியம்!"

"என் டப்பாவா?"

கணவருக்கு இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"இருமாதீங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "நீங்க சொல்லுங்கண்ணே."

"அதான்மா, தினமும் நாங்க மாத்திக்குவோமே. நான் உன் காயை எடுத்துக்குவேன், அவன் என் வறுத்த கோழியை..." அதற்குள் வெல்டர் கண் கூட்டாளியின் முகத்தில் போய் முட்டியது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு தங்கச்சி" என்று, பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிர்த் திசையில் விடுவிடுவென்று நடந்தார்.

வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

"எத்தனை நாள்?"

"என்ன எத்தனை நாள்?"

"தெரியாத மாதிரி நடிச்சீங்கன்னா இந்தச் செருப்பு மறுபடி கால்ல ஏறும். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"எல்லா நாளும்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க!"

"பூசணிக்காய் செவ்வாய்க்கிழமை மட்டும்தானே..." என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அத்தோடு அவள் பேச்சு நின்றது. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், பாத்திரத்தை உருட்டுவார்கள். அவள் கோபம் வேறு ஜாதி. வாயைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவாள்.

மறுநாள் காலையும் நாலரைக்கே எழுந்தாள். பீன்ஸ் நறுக்கினாள், வேகவைத்தாள், டப்பாவில் அடைத்தாள். ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த மார்க்கரால், தவறான தையலுக்கு வட்டம் போடுகிற அதே சிவப்பு மார்க்கரால், மூடிமேல் கொட்டை எழுத்தில் எழுதினாள்: வெல்டருக்கு. கணவர் கையில் அதைக் கொடுத்தாள். அவருக்கென்று ஒன்றும் இல்லை. அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். தூக்குத் தண்டனை ஓலையைத் தானே சுமந்துகொண்டு போகிறவனைப்போல இருந்தது அவர் நடை.

இப்படி ஆறு நாள். கைகள் ஓய்ந்திருக்கும்போதெல்லாம் அவளுக்குள் கணக்கு ஓடியது. நான்கு வாரத்தில் ஒரு வாரம் போகிறது. கேன்டீனில் பன்னும் டீயும் சாப்பிடுகிறார் போலிருக்கிறது. அது சுகருக்கு நெய் வார்ப்பது. தகரக் கொட்டகையில் அவர் குனிந்து லாரி நம்பர் எழுதுவது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. பயம் வரும்போதெல்லாம் கோபம் அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. மூன்று மாதம் என்னை முட்டாளாக்கிய மனுஷனுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? போகட்டும், நம்பர் எழுதட்டும்.

ஏழாம் நாள் மாலை, ஆலைக் கேட்டில் வெல்டர் காத்திருந்தார். கையில் டப்பா. திறக்காதது.

"இந்தா தங்கச்சி. எனக்கு இறங்கல."

"ஏன், மூணு மாசம் நல்லாத்தானே இறங்குச்சு?"

"எதிர்ல ஒருத்தன் பன்னை மென்னுகிட்டு உக்காந்திருக்கான். மேல என் பேரு வேற சிவப்புல எழுதியிருக்கு. யார்டே சிரிக்குது. எப்படிம்மா இறங்கும்?"

"அவருக்குக் காய் இறங்காது, அவரு எதிர்ல இருந்தா உங்களுக்கும் இறங்காதா? நல்ல ஜோடி. ஆமா, கேக்கணும்னு இருந்தேன். அவரு தொடாத காயை நீங்க மட்டும் எப்படிண்ணே அப்படி ரசிச்சுச் சாப்பிட்டீங்க?"

வெல்டர் பின்னந்தலையைச் சொறிந்தார். "விடும்மா."

"சொல்லுங்க."

"கோச்சுக்கக் கூடாது. உன் காய் கொஞ்சம்... குழைவா இருக்கும். நான் அதை நல்லாப் பிழிஞ்சு, இரும்புத் தகட்டுல போட்டு, அடியில கேஸ் டார்ச்சைக் காட்டிடுவேன். அங்கங்க கறுப்பு விழணும். மேல உப்பு, மிளகு. அப்புறம் அடேயப்பா!"

"குழைவா இருக்குன்னு யார் சொன்னது?"

"எனக்கே தெரியுமே. அவன்தான் வீட்ல மட்டும் மூச்சு விட்டுடாதேன்னான். கல்யாணமான புதுசுல ஒரு தடவ சொல்லி, நீ பதினோரு நாள் பேசலையாமே."

கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்துவிட்டது. ஆலைக் கேட்டில், ஷிப்ட் முடிந்து போகிற அத்தனை பேர் நடுவில் வந்துவிட்டது.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி அவள் யோசித்துப் பார்த்தாள். பதினோரு நாளா? அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் குழைவு ஞாபகம் இருந்தது. பல்லெல்லாம் விழுந்துபோன அப்பாவுக்குச் சமைத்துப் பழகிய கை அது. தண்ணீரைத் தாராளமாக விட்டு, மூடியைப் போட்டு, கரண்டியால் தொட்டால் கரைகிற வரைக்கும் வேகவைப்பாள். அதுதான் வெந்த காய் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். யார்டில் ஒரு வெல்டருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் எத்தனை பேருக்கோ. கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் தெரியாது. இதை நினைத்ததும், ஆறிக்கொண்டிருந்த கோபம் உலையாய்க் கொதித்தது.

வரும் வழியில் ஒரு கிலோ பீன்ஸ் வாங்கினாள். கணவர் வந்து கைகால் கழுவியதும் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"வாங்க இங்க."

ஏழு நாளில் முதல் வார்த்தை. அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"நான் செய்யற காய் குழையுதா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"சுவரு பதில் சொல்லாது. உங்களைத்தான் கேக்கறேன்."

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"பல்லே வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"இதை வெல்டர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரல!"

"வந்துதே. ஒரு தடவ. பதினோரு நாள்."

"எண்ணிக்கிட்டு வேற இருந்தீங்களா?"

"வேற என்ன பண்றது? பேசறதுக்கு ஆளில்லையே வீட்ல."

"அதுக்காக? இருபத்திரண்டு வருஷமாக் காய் பிடிக்காதுன்னு ஒரு பொய்யா?"

"நான் எங்க சொன்னேன்?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "நல்லா யோசிச்சுப் பாரு. அந்தப் பதினோரு நாளும் காயை ஒதுக்கிட்டு வெறும் சோறு சாப்பிட்டேன். பன்னிரண்டாம் நாள் உங்க அக்கா வந்தாங்க. 'அவருக்குக் காய் இறங்காதுக்கா'ன்னு நீதான் சொன்ன. எனக்கும் தோதா இருந்துச்சு, தலையாட்டிட்டேன். நீ ஊருக்கெல்லாம் சொன்ன. எங்க ஆபீஸ் விருந்துல கூடச் சொன்ன. அப்புறம் நான் எங்க போய் மாத்தறது?"

நானூறு சட்டையில் ஒரு விட்ட தையலைப் பிடிக்கிறவள், தன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியத்தை இருபத்திரண்டு வருடமாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அதுவே அவளை இன்னும் எரிய வைத்தது. கால்கள் பழக்கத்தில் படுக்கையறைப் பக்கம் திரும்பின. போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் இன்னொரு பதினோரு நாள் சுலபமாக ஓடிவிடும். அவளுக்கு அதில் சிரமமே இல்லை. ஆனால் பதினோரு நாள் போனால் மிச்சம் பத்து நாள். பத்து நாளில் எந்தச் சுகர் இறங்கும்?

திரும்பி வந்தாள்.

"எனக்குக் கோவம் வருது" என்றாள். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். "பயங்கரமா வருது. உங்களை இந்தக் கரண்டியாலயே நாலு போடணும் போல இருக்கு. நாளைக்கும் வரும். ஆனா பேசாம இருக்க மாட்டேன். போதுமா? வாங்க, வந்து இந்தச் சட்டியைப் பாருங்க. எப்ப எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க."

இரும்புச் சட்டியைப் பெரிய தீயில் வைத்தாள். புகை கிளம்பியதும் பீன்ஸைக் கொட்டினாள். மூடி போடவில்லை, தண்ணீர் விடவில்லை. கை இரண்டு முறை தண்ணீர்ச் சொம்புக்குப் போய்த் திரும்பியது. அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டி தரையைத் தொடப்போகிற நேரத்தில் கேபினிலிருந்து எப்படிக் குனிந்து பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... கிளறிவிடு... போதும், போதும், இறக்கு!"

"பச்சையா இருக்கு!"

"இறக்குன்னா இறக்கு!"

இறக்கினாள். கறுப்புப் புள்ளி விழுந்த ஒரு துண்டை அவர் சூட்டோடு வாயில் போட்டார். கறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்று. தட்டில் போடச் சொல்லாமல் சட்டியிலிருந்தே எடுத்தார். பாதியில் நிறுத்தி, அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன?"

"உப்பு... கம்மி."

அவள் கத்தினாள். ஐந்து நிமிடம் கத்தினாள். இருபத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கத்தினாள். அவர் கேட்டபடியே தானாக உப்பு எடுத்துத் தூவிக்கொண்டு, ஒரு கிலோவில் முக்கால் கிலோவைத் தின்று தீர்த்தார். மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

அடுத்த மூன்று வாரமும் மாடி வீட்டுக்காரர் தட்டிக்கொண்டுதான் இருந்தார். கோஸ் கருகிவிட்டது என்றார் கணவர், சண்டை. கத்தரிக்காய்க்கு இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்றார், சண்டை. கேரட் பிரமாதம் என்றார். அப்படியென்றால் நேற்றையது மோசமா என்று அதற்கும் ஒரு சண்டை. டப்பாவில் பெயர் இல்லை. காலியாகத்தான் வந்தது, அவள் தினமும் வெல்டருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டாள். வெல்டர் தன் வீட்டில் காய் செய்யச் சொல்லி, அங்கே தனியாக உதை வாங்கிக்கொண்டிருந்தார்.

நாலாம் வாரம் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து இறங்கியிருந்தது.

"மூணு மாசத்துக்குக் கையெழுத்துப் போடறேன். அப்புறம் மறுபடி பாப்போம். இப்பதான் ஒழுங்காக் கொடுக்கிறீங்க போல."

"அப்பவும் ஒழுங்காத்தான் கொடுத்தேன் டாக்டர்" என்றாள் அவள் வெடுக்கென்று. "தின்னவர்தான் வேற ஆளு."

யார்டு கேட்டுக்கு வெளியே நின்று அவர் ஏறுவதைப் பார்த்தாள். எண்பத்தாறு படி. நடுவில் ஒரு இடத்தில் நின்றார், அவளுக்குத் திக்கென்றது; கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு மேலே ஏறினார். கேபின் கதவு மூடியது. திரும்பி ஒரு கை காட்டியிருக்கலாம். அதுவும் இல்லை. அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தபோது போன் அடித்தது.

"என்ன, மேல ஏறினதும் மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லுங்க."

"பீட்ரூட். அது எப்படிச் செஞ்சாலும் பிடிக்காது. நிஜமாவே பிடிக்காது."

அவள் நட்டநடுத் தெருவில் நின்றாள். வீட்டில் மூன்று கிலோ பீட்ரூட் இருந்தது. நேற்று அவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நேத்து கடையில வாய் இல்லையா உங்களுக்கு? எண்பத்தாறு படி ஏறி, கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சொல்லணுமா?" காவலாளி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவளுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. அண்ணாந்து, அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டே கத்தினாள். "சாயங்காலம் இறங்கி வாங்க. நேர்ல சொல்லுங்க!"