வேம்பென்று வார்த்த தண்ணீர்

அந்தத் திங்கட்கிழமை தோர்ண்டன் ஹீத் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலோரம் விரித்த மெத்தையில், இடுப்பில் மட்டும் வேட்டியைச் சுற்றிக்கொண்டு கனகலிங்கம் குப்புறக் கிடந்தான். வீட்டிலிருந்த ஒரே கைநாற்காலியில் அவனுடைய தமையன் பரமேஸ்வரன், வீடும் அவருடையதுதான். குசினி வாசலில் சாய்ந்து, தரையில் கால்நீட்டி, கனகலிங்கத்தின் மனைவி சிவனேஸ்வரி. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த மன்னார்ப் பெண் பியற்றிஸ் மட்டும் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ், இறைச்சி தின்கிறவள், அம்மாள் வந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது பரமேஸ்வரனின் கட்டளை.



கனகலிங்கத்துக்குக் கொப்பளிப்பான் அம்மை கண்டு மூன்றாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. அம்மாள் வருத்தத்துக்கு டொக்டரைக் கூப்பிடுவது குற்றம் என்று வீட்டில் மீன் நின்றது, தாளிதமும் நின்றது. வேப்பிலைதான் கிடைக்கவில்லை. கடை கடையாய் அலைந்து வெறுங்கையோடு திரும்பிய பரமேஸ்வரன், பின்வளவு வேலியோரம் நின்ற மரத்தைப் பார்த்தார். நீண்ட காம்பின் இருபுறமும் வரிசையாய் இலை. ஒன்றைக் கிள்ளிக் கடித்தார். நாக்கைப் பிடுங்கும் கசப்பு.

"வேம்பில்லாட்டியும் வேம்பின்ரை பெறாமகன்" என்று கொப்புக் கொப்பாய் முறித்துக்கொண்டு வந்தார்.

கொப்புளங்கள் வாடிப் பொருக்கு உதிரும் நேரத்தில் அந்த இலையை அவித்து, பச்சை இலையையும் கசக்கிப் போட்டு, தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். இலையின் மேலேயே படுக்கவும் வைத்தார்கள். முதுகும் கழுத்தும் சிவந்து, தடித்து, நீர் கட்டின. அம்மாள் இன்னும் இறங்கவில்லை என்று மறுபடியும் வார்த்தார்கள். வார்க்க வார்க்கக் கூடியது.

வியாழக்கிழமை குறொய்டனில் ஹோம் ஒபிஸ் இன்டர்வியூ. அகதி வழக்குக்காக வருடக்கணக்காய்க் காத்திருந்த நாள். சொல்லாமல் போகாதிருந்தால் வழக்கையே மூடிவிடுவார்கள் என்று சிவனேஸ்வரி பயந்தாள். சட்டை போட ஏலாத மனுஷனை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

பியற்றிஸ் தொண்டையைச் செருமினாள். "அண்ணை, கோவிக்கப்படாது. இது வேம்பில்லை. நேற்று ஒரு இலையை வார்டுக்குக் கொண்டு போனனான். எங்களோடை வேலை செய்யிற ஹொங்கொங் பிள்ளை மணந்த உடனை சொல்லிப்போட்டாள். சீனாவின்ரை மரமாம். வேர்ப்பட்டையைக் காயவைச்சு, வயித்தோட்டத்துக்கு, இரத்தம் போறதுக்கு அவிச்சுக் குடுப்பினமாம், அதுவும் அளவா. பச்சை இலையின்ரை சாறு பட்டால் சில பேருக்குத் தோல் இப்பிடித்தான் பொங்குமாம்."

"சீனத்தி சொன்னால் வேதவாக்கோ?" என்றார் பரமேஸ்வரன்.

சிவனேஸ்வரி குசினிக்கூடாகப் பின்வளவைப் பார்த்தாள். போன வருடம் அடியோடு தறித்தும் திரும்பத் தழைத்த மரம் அது. இந்த வருடம் வேரோடிய இடமெல்லாம், சீமெந்து வெடிப்பில்கூட, ஆள் உயரத்துக்குக் கன்று கிளம்பியிருந்தது. அதன் கீழே தூவிய கொத்தமல்லி முளைக்கவேயில்லை. மெத்தையிலிருந்த இலையொன்றை எடுத்துக் கசக்கினாள். சிக்குப் பிடித்த கச்சான் கடலை நாற்றம். எந்த ஊர் வேம்பு இப்படி நாறும்?

"பியற்றிஸ், டொக்டருக்கு போன் பண்ணும். பண்ணிப்போட்டு உள்ளை வாரும்."

"பிள்ளை! அம்மாள் நிக்கிற வீடு!"

மெத்தையிலிருந்து கனகலிங்கத்தின் குரல் வந்தது. "அண்ணை, அம்மாள் எப்பவோ போட்டா. இப்ப நிக்கிறது உங்கடை மரம்."

டொக்டர் பின்னேரம் வந்தார். கொப்பளிப்பான் ஆறிவிட்டது, இது இலையால் வந்த அழற்சி, பத்து நாளாவது வெளியே போகக்கூடாது என்று களிம்பும் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

சிவனேஸ்வரி கடிதத்துக்குத் தாள் எடுத்தாள். பரமேஸ்வரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"கொப்பளிப்பான் எண்டு மட்டும் எழுது. அது வெள்ளைக்காரனுக்கும் விளங்கும். மரத்து இலையிலை குளிச்சு வர ஏலாமல் போச்சு எண்டால் எவன் நம்புவான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொய் நேராய் நின்றது. உண்மைதான் கட்டுக்கதை போலிருந்தது.

"டொக்டரின்ரை துண்டு வேறை கதை சொல்லுதே அண்ணை. இதிலை ஒரு பொய் பிடிபட்டால், பிறகு ஆமிக்காம்பிலை இவருக்கு நடந்ததைச் சொல்லேக்கை ஆர் நம்பப் போகினம்?"

பரமேஸ்வரன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ரை பேரைப் போடாதை."

"'நாங்கள்' எண்டுதான் போடுறன்."

"இலை ஒண்டையும் உள்ளை வையுங்கோ அக்கா, சாட்சிக்கு" என்றாள் பியற்றிஸ்.

"வைச்சு, துரைக்கும் சொறி வந்தால்?" என்றான் கனகலிங்கம். சிரித்தபோது கழுத்து இழுத்து நொந்தது. சிரிப்பை நிறுத்தினான்.

அவள் பள்ளிக்கூடத்தில் பழகிய முறைப்படியே எழுதினாள். வழக்கு இலக்கம், திகதி, விடயத்தின் கீழே ஒரு கோடு. எங்கள் வழக்கப்படி வேப்பிலையில் நீராட்டுவோம், இங்குள்ள மரமொன்றை வேம்பின் இனமென்று எண்ணி வார்த்ததில் அவருடைய தோல் பொங்கிவிட்டது, டொக்டரின் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது, தயவுசெய்து வேறொரு நாள் தாருங்கள். ஒருமுறை வாசித்தாள். மறுமுறை வாசிக்கச் சீவனில்லை.

காலையில் தபால் கந்தோர் வரிசையில் நின்றபடி உறையின் பசையை நனைத்து, மடிப்பைக் கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தினாள். பதிவுத் தபால் என்றாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவன் முத்திரை குத்தி, பற்றுச்சீட்டைத் தள்ளிவிட்டு, கடிதத்தைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டான்.