பகலில் எரிந்த தெருவிளக்கு

எங்கள் ஊர் சோலார் கரண்டுக்கு நான்தான் காவல். கூரை மேல் முப்பது பேனல், ஓர் அறை நிறைய பேட்டரி, தெருவுக்கு ஒரு சுவிட்ச். சுவிட்ச் கையில் இருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா அக்காவை விட்டுவிட்டுப் போனதும் அவள் தையல் மெஷினை விற்று, கரண்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கினாள். அவளுக்கு இனி அதுதான் சோறு. இருநூறு முட்டைகளும் இருபத்தோரு நாள் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் சோலார் திட்டத்தின் இன்ஜினியர் போன் செய்தார். மூன்று நாள் மழை மூட்டத்தில் பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் விருந்தினர்கள் நாளை மதியம் வருகிறார்களாம். தெருவிளக்குகள் எல்லாம் எரிய வேண்டுமாம். அதுவரை வீடுகளுக்கு நிறுத்து என்றார். பட்டப்பகலில் தெருவிளக்கு எதற்கு என்று கேட்டேன். போட்டோவுக்கு என்றார்.

அக்காவின் தெருவுக்கு மட்டும் விட்டிருக்கலாம். சொந்தக்காரிக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்களே என்று பயந்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

“ரெண்டே நாள்தான்டா. இப்போ நிறுத்தினா எல்லாம் போயிடும்” என்றாள் அக்கா.

“கம்பளி போட்டு மூடி வைக்கா. ஒரு நாள் தாங்கும்.”

கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் விழுந்த பிறகுதான். ஆனாலும் மேதாவி போலச் சொன்னேன்.

மறுநாள் மழை விட்டு வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில் விளக்குகள் அசடு வழிய எரிந்தன. விருந்தினர்கள் கைதட்டினார்கள். பிறகு இன்ஜினியர் அவர்களை அக்கா வீட்டுக்கே கூட்டி வந்து, கரண்டால் முன்னேறிய பெண் என்று காட்டினார். ஓர் அம்மாள் முட்டையைக் கையில் ஏந்தி, எப்போது பொரிக்கும் என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு என்றாள். அதற்குச் செருப்பாலேயே அடித்திருக்கலாம்.

கார்கள் கிளம்பியதும் ஓடிப்போய் எல்லாச் சுவிட்சையும் போட்டேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, அக்கா ஒரு முட்டையைக் காதில் வைத்து, உள்ளே குஞ்சின் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தரையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். முக்கால்வாசி முட்டைகள் தரையில் இருந்தன.

“கரண்டு விட்டுட்டேன்க்கா. இனிமே நிறுத்த மாட்டேன்” என்றேன்.

“இனிமே எதுக்குடா?” என்றாள் அக்கா. “அவிக்கவா?”