முக்கால் டேங்க்

காரில் என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி இருபது நாள் ஆகிவிட்டது. கார் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ஆனால் விளக்கு எரிகிற காருக்குப் புகைச் சோதனை நிலையத்தில் சான்றிதழ் தர மாட்டார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி சேகரிக்கும் வேலை அது. சொந்த வண்டி வேண்டும், வண்டியின் காகிதங்களைத் திங்கட்கிழமை பத்து மணிக்குள் காட்ட வேண்டும். வேதியியல் முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவளுக்கு வந்த முதல் வேலை. கேட்டதும் அப்பா தன் காரையே கொடுத்துவிட்டார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறைக் குறியீடாகக் காட்டும் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தாள். பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்றது குறியீடு. டேங்க் மூடியை மாற்றினாள். விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி எரிந்தது.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் வெள்ளைப் புகையைச் செலுத்தினார். புகை டேங்க் பக்கத்திலிருந்த கரிப்பெட்டி வழியாகப் பொசுபொசுவென்று வந்தது.

"தங்கச்சி, டேங்க்க யாரு கழுத்து வரைக்கும் ரொப்புறது?"

அவள் புகை வரும் இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"பம்பு கிளிக்குன்னு நின்னப்புறமும் அமுக்குவாங்களோ?"

பதினோரு வருஷமாக அப்பா அமுக்குகிறார். காரை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மூன்று தடவை அமுக்குவார். கிளிக் சத்தம் பம்புக்காரனின் சோம்பேறித்தனம் என்பது அப்பாவின் கட்சி. அப்படி வழிந்த பெட்ரோல், ஆவியைப் பிடிக்க வைத்த கரிக்குள் இறங்கி அதை நொறுக்கியிருந்தது. கரித்தூள் அடைத்து, பெட்டியின் வால்வு மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கரி ஆவியை எப்படிப் பிடிக்கிறது என்று இரண்டாம் வருஷத்தில் அவள் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறாள். கரிக்கு அப்பாவிடமிருந்து என்ன ஆபத்து என்று வினாத்தாளில் கேட்கவில்லை.

பெட்டியையும் வால்வையும் மாற்றி, குறியீட்டை அழித்தார் மெக்கானிக். "இனி வண்டி தன்னைத்தானே சோதிச்சுக்கணும். அது முடியாம சான்றிதழ் தர மாட்டாங்க. ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலைல ஓட்டுங்க. ஆனா டேங்க் காலுக்கு மேல, முக்காலுக்குக் கீழ இருந்தாத்தான் அது நடக்கும். இப்ப பாதி இருக்கு, அப்படியே விடுங்க."

"அண்ணே, யாரால இப்படி ஆச்சுன்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அன்றைக்கு அவள் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

"என்னாச்சாம்?" என்றார் அப்பா வீட்டில்.

"ஒரு பெட்டி பழசாயிடுச்சாம்."

ஞாயிறு காலை காரைக் கிளப்பினாள். ஒரு சுற்று போய்வந்து கருவியைப் பார்த்தால், சோதனை நடக்கவில்லை என்றது. பெட்ரோல் முள் உச்சியில் நின்றது.

"அப்பா, பெட்ரோல் போட்டீங்களா?"

"பின்ன? வேலைக்குப் போற பொண்ண அரை டேங்க்கோடவா அனுப்புவேன்? நேத்து சாயங்காலமே போட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "கிளிக்குன்னதும் எடுத்துட்டேன். அதுக்கு மேல ஒரு சொட்டு விடல."

"யாரு சொன்னா?"

"மெக்கானிக். பெட்ரோல் போடப் போறப்ப பாத்தேன். சொல்ல வேண்டாம்னு நீ சொன்னதையும் சேர்த்துச் சொன்னான்."

முக்கால் டேங்க் விஷயத்தை மட்டும் மெக்கானிக் சொல்லவில்லை. அதை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னாள். கணக்கும் போட்டாள். பதினோரு லிட்டருக்கு மேல் தீர வேண்டும். அதாவது நூற்றறுபது கிலோமீட்டர்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புகை விடாத வண்டின்னு காட்டுறதுக்கு நூத்தறுபது கிலோமீட்டர் புகை விடப்போறீங்களா? நல்லா இருக்கு அப்பனும் பொண்ணும் பண்ற சயின்சு!"

புறவழிச் சாலையைச் சுற்றினார்கள். அவள் ஓட்ட, அப்பா பக்கத்தில். மூன்றாம் சுற்றில், சாலையோரக் கிடங்கின் வாசல் காவலாளி முறைத்தார். ஐந்தாம் சுற்றில் கை காட்டினார். ஏழாவதில் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"ஏன்டி, எங்கிட்டயே நேரா சொல்லிருக்கலாமில்ல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்…"

"வருத்தப்படத்தான் செஞ்சேன். மெக்கானிக் முன்னாடி பட்டேன். அத வீட்டுலயே பட்டிருப்பேன்ல?"

அப்பாவின் கை ஏசிப் பொத்தானை நோக்கிப் போனது. "அப்பா, ஏசிய அணைக்காதீங்க. பெட்ரோல் தீரணும்."

பெட்ரோலை மிச்சம் பிடித்தே பழகிய கை, பாதி வழியில் நின்று திரும்பியது. இருட்டுவதற்குள் முள் முக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை, ஆறிய காரைக் கிளப்பி, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு சோதனை நிலையத்துக்கு ஓட்டினாள். வழியிலேயே வண்டி தன்னைச் சோதித்து முடித்துவிட்டதாகக் கருவி காட்டியது. விளக்கு எரியவில்லை. சோதனைக்காரர் கணினியைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சான்றிதழ் அச்சாகிக்கொண்டிருந்தது. மணி ஒன்பது பத்து.

"புதுப் பெட்டி போட்டிருக்கீங்க போல. பழசு எப்படிக் கெட்டுச்சு?" என்று மெக்கானிக்கின் ரசீதைப் பார்த்துப் பேச்சுக்குக் கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "எங்கப்பா டேங்க்க வழிய வழிய ரொப்புவாரு சார். அதனாலதான்."

சோதனைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"எம் பொண்ணு சார்," என்றார். "சயின்ஸ் படிச்சவ."