ஆப்பிள் கட்டைப் புகை

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மிசாவோ. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஆப்பிள் கட்டை எரியுது."

"பக்கத்து வீட்டு கஷிவாபரா-சான்தாம்பா. கவாத்துல கழிச்ச குச்சியக் குடுத்தேன்."

"குச்சியா? மூணு நாளாவா குச்சி எரியுது?"

அவள் துண்டைப் பிழிந்தாள். ஒரு தடவை பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

எரிவது குச்சியல்ல, அடிமரம். மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தோட்டத்தின் நாற்பது மரங்களையும் ஆள் வைத்து வெட்டிவிட்டாள். மருந்தடிக்க ஆளில்லாத மரத்தில் நோய் விழுந்தால் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் பரவும். நாகானோவின் அந்தச் சரிவில் அதைப் போல் வேறு பழி கிடையாது. வீடு திரும்பியதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். பாதி உடம்போடு திரும்பிய மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? நல்லவேளையாக அவர் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்க்காது. கடையில் ஆப்பிள் வாங்கி, மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டு, தோல் சீவி, நம் மரத்துப் பழம் என்று ஊட்டினாள். அவரும் தின்றார். ஐம்பத்தாறு வயதில் இப்படிப் பொய் சொல்லிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அலுப்பாக வந்தது.

கட்டைகளை கஷிவாபராவுக்குக் கொடுத்தது அவளே தேடிக்கொண்ட வினை. டோக்கியோவில் வேலை ஓய்ந்து, விறகடுப்பு ஆசையோடு வந்தவர். வாங்கிக்கொண்ட மறுநாளே பதில் மரியாதையாக ஒரு பெட்டி இனிப்போடு வாசலில் குனிந்து நின்றார். இரண்டு வருஷம் காயட்டும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெம்பில்லை. இனிப்பைத் தின்றுவிட்டு இப்போது போய்ப் புகை என்று முறையிட முடியுமா? அதற்காக, வீடு வரை வந்து காட்டிக்கொடுக்கும் புகையை விட்டுவைக்கவும் முடியாது. மதியம் அப்பா தூங்கியதும் போனாள்.

அடுப்பின் கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்தது.

"காத்துத் துவாரத்த மூடிட்டேன், மிசாவோ-சான்! ஒரே கட்டை சாயங்காலம் வரைக்கும் நிக்குது," என்றார் கஷிவாபரா பெருமையாக.

"அது எரியலைங்க, புழுங்குது. கண்ணாடி இப்படின்னா புகைக்குழாய்க்குள்ள எப்படி இருக்கும்? தார் மாதிரி ஒட்டியிருக்கும். ஒருநாள் அதுவே பத்திக்கிட்டா கூரையும் போச்சு."

அவர் முகம் விழுந்துவிட்டது. அவள் இரண்டு ஆப்பிள் கட்டைகளை எடுத்துத் தட்டினாள். பொத்தென்றது சத்தம்.

"ஈரம். நல்லாக் காஞ்ச ஓக் வெறகு எங்க கொட்டகையில கெடக்கு, மாத்திக்கலாம். மொதல்ல ஆளக் கூப்பிட்டுக் குழாயச் சுத்தம் பண்ணுங்க. சின்னதாப் பொளந்து போடுங்க, நல்லாப் பிடிக்கற வரைக்கும் காத்த அடைக்காதீங்க."

"உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு சிரமம்?"

சிரமம்தான். அந்த ஓக், படுக்கையில் விழுவதற்கு முன் அப்பா பிளந்து அடுக்கியது. விறகடுப்பைக் கவனிக்க நேரமில்லாமல் அவள் மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு மாறி மாதங்களாகின்றன. ஒற்றைச் சக்கர வண்டியில் ஒன்பது நடை. ஓக்கைக் கொண்டுபோய்க் கொட்டி, ஆப்பிளை ஏற்றித் திரும்பி, கொட்டகையின் கோடியில் தார்ப்பாய் போட்டு மூடினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் திருடியதை ஒளித்து முடித்த நிம்மதி வந்தது.

மறுநாளே குழாய்க்கு ஆள் வந்து போனான். அதற்கடுத்த நாள் காலை கஞ்சி ஊட்டும்போது அப்பா ஸ்பூனை விலக்கினார்.

"நேத்துலேர்ந்து வாசனையே வரலையே?"

"குச்சி தீந்திருக்கும்பா."

"ஜன்னலத் தொற."

"குளிரும்பா."

"தொறம்மா. கெழக்கு வரிசை மரமெல்லாம் எரிஞ்சு முடிஞ்சு மேல் வரிசை ஆரம்பிச்சிருக்கும்னு நெனச்சேன்." வாயின் ஒரு பக்கத்தால் மெதுவாகச் சொன்னார். "நாப்பது மரமாச்சே. குளிர்காலம் பூரா வரும்னு இருந்தேன்."

அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவருக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கிறது. எழுந்து போய் ஜன்னலை முழுக்கத் திறந்தாள்.

பனிக்காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்து வீட்டுக் கூரையில் புகை துளிகூட இல்லை. குழாயின் வாயருகே காற்று மட்டும் சூட்டில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடி, தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கி, மூக்கை அந்தப் பக்கமாகத் திருப்பிக் காத்திருந்தார்.